கணக்கேட்டை வாய்விட்டு வாசிப்போம்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில் நூலகராக இருக்கிறேன். வேலை முடிந்த நேரத்தில் செல்போனில் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டு வருகிறேன். புதுப் புத்தக அறிமுகமும் அதில் உண்டு. ஆனால் என் மனசு கிடப்பதெல்லாம் பழைய காகிதத்தில்தான்: கணக்கேடு, கடிதக் கட்டு, கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீசு.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பங்கு பிரியும்போது என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். தேக்குப் பெட்டிக்கு விலை உண்டு, பீங்கான் சாடிக்கு விலை உண்டு. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அவற்றைப் பார்த்திருப்பீர்கள். பெட்டிக்குள் இருந்த காகிதம் மட்டும் எடைக்குப் போகும். ரங்கூனிலும் கொழும்பிலும் மலேயாவிலும் அந்தக் குடும்பம் யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது என்பதற்குப் பல வீடுகளில் அது ஒன்றுதான் ஆதாரம். தெரிந்தே யாரும் அதைப் போடுவதில்லை. படிக்கத் தெரியாமல் போடுகிறார்கள். அதனால்தான் வீடியோவில் என் முகத்தைக் காட்டுவதில்லை. பக்கத்தைக் காட்டி, விரலை வைத்து, வரி வரியாக வாசிக்கிறேன்.

ஒரு ஆச்சி பேரனைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்தார்கள். பையில் நீளவாக்கில் தைத்த ஒரு பேரேடு. "எடைக்குப் போடச் சொல்றாக, நீ ஒருக்காப் பாரப்பா" என்றார்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே 'சிவமயம்', அப்புறம் பக்கம் முழுக்கத் தமிழ் எண்கள். பேரனுக்கு அது ஏதோ மந்திரம் மாதிரி இருந்தது. எண் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

வானொலியில் எழுத்தைக் காட்ட முடியாது, ஆனால் இதற்குப் படமே வேண்டாம். ஒன்றுக்கு 'க', இரண்டுக்கு 'உ', ஐந்துக்கு 'ரு', ஏழுக்கு 'எ', எட்டுக்கு 'அ', பத்துக்கு 'ய' போன்ற வடிவம். இப்போது 'உ, ய, ரு' என்று எழுதியிருந்தால்? இரண்டு பத்து, அதோடு ஐந்து. இருபத்தைந்து, அவ்வளவுதான். நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனி எழுத்து உண்டு. வருஷம், மாதம், பற்று, வரவு, மேற்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. ஒன்று முதல் பத்து வரை எண்களையும் இந்தக் குறிகளையும் தெரிந்துகொண்டால் பாதிப் பக்கம் பிடிபட்டுவிடும்.

அப்புறம் பின்னம். கால், அரைக்கால், வீசம். வீசம் என்றால் பதினாறில் ஒன்று, ரூபாய்க் கணக்கில் ஓரணா. அதற்குக் கீழே காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. நான் வீசம் என்று வாசித்ததும் ஆச்சி வாய்பாடு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். சின்ன வயதில் அவர்கள் அப்பச்சி சொல்லிக்கொடுத்தது. பேரன் ஆச்சி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குரலையும் பதிவு செய்துகொண்டேன்.

ஏட்டில் வருஷம் 'பிரபவ' என்றிருந்தது. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும் அல்லவா? 1867இலும் பிரபவ, 1927இலும் பிரபவ. எது? வீடியோவில் இந்த இடத்தில் நிறுத்தி, பார்ப்பவர்களையே யோசிக்கச் சொன்னேன். நாலு வரி தள்ளி 'மோட்டாருக்குப் பெட்ரோல்' என்று ஒரு பற்று. 1867இல் ஏது மோட்டார்? ஆக, ஏடு 1927ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆச்சி அந்த ஏட்டை வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார்கள். எனக்கு அதில் முழு சந்தோஷம். காகிதம் நூலகத்துக்கு வந்தே தீரவேண்டும் என்பதில்லை, எடைக்குப் போகாமல் இருந்தால் போதும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை நினைக்காமல் இதைப் பேச முடியாது. விளம்பரப் பலகை எழுதிய ஓவியர் அவர். புத்தகத்தோடு நிற்காமல் அழைப்பிதழையும் துண்டு நோட்டீசையும் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. ஒரு தனி மனிதர் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து செய்த வேலை. இன்று கையில் செல்போன் இருக்கிற ஒவ்வொருவரும் அதில் ஒரு துளி செய்யலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கணக்கேட்டில் கடன்பட்டவர் பெயர் இருக்கும், அடகு விவரம் இருக்கும். அவர்கள் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் குடியிருப்பார்கள். வீட்டுக்காரரிடம் சம்மதம் வாங்குங்கள், பெயர் வரும் இடத்தை அட்டை வைத்து மறைத்துவிடுங்கள். ஜாதகத்தை வீடியோவில் காட்டவே காட்டாதீர்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பதிப்புரிமை பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுவாக எழுதியவர் காலமாகி 60 ஆண்டு வரை உரிமை இருக்கிறது. அதுவரை முழுப் புத்தகத்தையும் வாசித்துப் போடக்கூடாது. அப்புறம், படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், பக்கவாட்டு வெளிச்சம் போதும். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். இராமபாணப் பூச்சிக்குப் பயந்து வெயிலில் காயவைக்கவும் வேண்டாம், நிழலில் விரித்து மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். வாசிக்க முடியாத பக்கம் ஏதும் இருந்தால் உங்கள் ஊர் நூலகரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வணக்கம்.