பாய் அறையில ஈரம்: சூரியச் சூட்டுக் காத்து உதவுமா?

பத்தமடையில இருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்காவ: "ஐப்பசி, கார்த்திகையில பாய் அடுக்கி வச்ச அறையில பூசணம் பிடிக்கு. மாடியில சோலார் ஹீட்டர் போட்டு, அறைக்குள்ள உள்ள காத்தையே சூடாக்கிச் சுத்த விட்டா ஈரம் போயிருமா?"

சுத்த விட்டா போகாது அண்ணாச்சி. சூடாக்கினா காத்துல உள்ள தண்ணி குறையாது, இன்னும் தண்ணி வாங்குத கொள்ளளவுதான் கூடும். வெளிக்காத்து 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னு வையுங்க. 45 டிகிரிக்கு ஏத்தினா ஈரப்பதம் 32 ஆயிரும், ஆனா தண்ணி அதே தண்ணிதான். அந்தக் காத்து பாயில உள்ள ஈரத்தை இழுத்துக்கிட்டு வெளியே போனாத்தான் பிரயோசனம். அதனால வெளிக்காத்தைத்தான் எடுக்கணும்.

பத்துக்குப் பன்னெண்டு அறை, பத்தடி உசரம்னா 34 கன மீட்டர். மாடியில வெயில் வாங்கிக் காத்தைச் சூடாக்குத 2 சதுர மீட்டர் பெட்டி போதும்: கறுப்பு அடிச்ச நெளிவுத் தகரம், மேல 4 மில்லிமீட்டர் டஃபன்ட் (சூடேத்தி உறுதியாக்கின) கண்ணாடி, அடியில சூடு வெளியேறாம இருக்க 50 மில்லிமீட்டர் ராக்வூல் (கல்லை உருக்கி நூலாக்கின பஞ்சு). தெர்மாகோல் வேண்டாம்; ஃபேன் நின்னுட்டா பெட்டி கொதிச்சு அது சுருங்கிப் போயிரும். மழைக்காலத்துக்குத்தான் இதுன்னா தெக்குப் பாத்து 20, 25 டிகிரி சாய்ச்சு வையுங்க.

மணிக்கு 100 கன மீட்டர் தள்ளுத 12 வோல்ட் ஃபேன் ஒண்ணு, 20 வாட் பேனல் ஒண்ணு. நேரா இணைச்சிராதீங்க, நல்ல வெயில்ல பேனல் 18 வோல்ட்டுக்கு மேல குடுத்து ஃபேன் கருகிரும்; நடுவுல வோல்ட்டைக் குறைச்சுக் குடுக்குத பக் கன்வர்ட்டர் போடுங்க. ஃபேனைச் சூடாகாத வெளிக்காத்து பெட்டிக்குள்ள நுழையுத பக்கம் மாட்டுங்க. சூடு வார பக்கம் மாட்டினா பேரிங் சீக்கிரம் போயிரும். சூட்டுக் காத்து உச்சியில நுழையட்டும், எதிர்ச் சுவர்ல தரையோரமா வெளியேறட்டும். ரெண்டு ஓட்டையும் மேலேயே வச்சா சூடு மேலோட்டமாப் போயிரும், அடி அடுக்கு நனைஞ்சபடியே கிடக்கும்.

எவ்வளவு தண்ணி போகும்? நல்ல வெயில்ல பெட்டி ஏறக்குறைய 600 வாட் சூடு தரும். அது முழுசும் ஆவியாக்கவே போனாலும் மணிக்கு 880 கிராம்தான். சுவரும் தரையும் தின்னது போக அதுல பாதி கிடைச்சாலே பெருசு.

கோட்டை விடுதது ராத்திரியிலதான். வெயில் இறங்கினதும் ரெண்டு ஓட்டையையும் மூடணும், இல்லன்னா பகல்ல போன ஈரம் பூராவும் திரும்பிரும். மூடின அறையிலயும் குளிர்ந்தா ஈரப்பதம் ஏறும், ஆனா பயம் இல்ல. உள்ள அடைபட்ட காத்துல மொத்தமே முக்கால் கிலோ தண்ணிதான், காஞ்ச பாய் அதுல கொஞ்சம் வாங்கிக்கிடும். மூடியை மறந்துருவோம்னு தோணினா ஃபேன் நின்னதும் தானா விழுத மெல்லிய தகர மடலை ரெண்டு பக்கமும் மாட்டிருங்க.

மழை மூட்டம் நாலு நாள் நின்னா இது வேலை செய்யாது. அப்ப ஃபேனையும் ஓட்டாதீங்க, சூடாகாத ஈரக் காத்துதான் உள்ள வரும்.