ரோட்டோருவா: ஏரிக்கரை அறையும் அழுகிய முட்டை வாடையும்

வணக்கம் நேயர்களே. நியூசிலாந்தில் ரோட்டோருவா என்று ஓர் ஊர். ஊரை ஒட்டியுள்ள ஏரியே சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, நிலம் உள்வாங்கியதால் உண்டான பள்ளம். அடியில் இன்னும் சூடு ஆறவில்லை.

இறங்கியதும் அழுகிய முட்டை வாடை. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. ஏரியின் தென்கரையில், சல்ஃபர் பே பக்கம், வாடை தூக்கலாக இருக்கும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பள்ளத்திலும் மூடிய அறையிலும் தேங்கும். கொஞ்ச நேரத்தில் வாடை போய்விட்டதே என்று தோன்றும். போகவில்லை, மூக்குதான் மரத்துவிட்டது. மூக்கை நம்பாதீர்கள். குளிருகிறது என்று அறையின் காற்றுத் துளையைத் துணி வைத்து அடைக்கவே கூடாது. இந்த வாயுவால் அங்கே உயிர் போனதுண்டு.

அடுத்தது வெள்ளி. கொலுசு, மெட்டி எல்லாம் அங்கே கறுத்துவிடும். வெள்ளியோடு கந்தகம் சேர்ந்து படியும் கறுப்பு அது. நம் வீட்டில் உடனே விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்ப்போம். தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் கொஞ்சம் போகும், பாருங்கள். அதற்குப் பதில் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதன்மேல் படும்படி வையுங்கள். ஒரு லிட்டர் கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து ஊற்றுங்கள். கந்தகம் அலுமினியத்துக்கு மாறும், வெள்ளி வெள்ளியாகவே மிஞ்சும். தாளில் படாவிட்டால் வேலை நடக்காது. முத்து, கல் பதித்தவை வேண்டாம். இதெல்லாம் எதற்கு, கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமே என்பீர்கள். அதுவும் சரிதான்!

பார்க்க வேண்டியதில் டெ புயியா என்னும் வெந்நீர் ஊற்றுப் பூங்காவின் போஹுட்டு, தானாகவே 30 மீட்டர் வரை பீறிடும் வெந்நீர் ஊற்று. தெற்கே அரை மணி நேரப் பயணத்தில் வையோடாபு, அதுவும் வெந்நீர் ஊற்றுகள் உள்ள இடம். அங்குள்ள லேடி நாக்ஸ் ஊற்றைக் காலை 10.15-க்குச் சோப்புப் போட்டுக் கிளப்புகிறார்கள். சோப்பு பட்டதும் உள்ளிருக்கும் நீரின் மேற்பரப்பு இழுவிசை குறையும்; நுரை தள்ளிப் பிறகு பொங்கும். நுழைவுச்சீட்டு ஓரிடம், ஊற்று வேறிடம். 9.45-க்கே போய்விடுங்கள்.

வெந்நீர்க் குளங்களில் தலையை முக்காதீர்கள். கேரளச் செய்திகளில் கேட்டீர்களே, மூளையைத் தாக்கும் அமீபா, அது மூக்கு வழியாகத்தான் ஏறும்.

வைமாங்கு பள்ளத்தாக்கைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். நேரம் முடிந்தது என்று நிலையக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். 1886 ஜூன் 10 அன்று தரவேரா எரிமலை வெடித்ததில் பிறந்த பள்ளத்தாக்கு. பெரும்பாலும் இறக்கமாகவே நடை, திரும்ப மேலே வரப் பேருந்து உண்டு. பாதையை விட்டு இறங்காதீர்கள், மண் மேலோடு மெல்லியது. அந்தக் காற்றுத் துளை, மறந்துவிடாதீர்கள். வணக்கம்.