முட்டை ஓடு சுத்தமாக உரிய வேண்டுமா? முதலில் தண்ணீர் கொதிக்கட்டும்

வணக்கம் நண்பர்களே. இன்று முட்டை வேகவைப்பதைப் பற்றிப் பேசப்போகிறேன். இதில் பேச என்ன இருக்கிறது என்று கடந்துபோய்விடாதீர்கள். உரிக்கும்போது வெள்ளைக்கருவில் பாதி ஓட்டோடு பிய்ந்து போய்விடுகிறது அல்லவா? அதற்கு மருந்தாக உப்புப் போடு, வினிகர் ஊற்று என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஓட்டில் விரிசல் விட்டால், கசியும் வெள்ளைக்கருவைச் சீக்கிரம் இறுகச் செய்ய அவை உதவும். உரிப்பதற்கு அவற்றை நம்பாதீர்கள். நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பில் ஏற்றாதீர்கள். தண்ணீர் கொதித்த பிறகுதான் முட்டை உள்ளே போக வேண்டும்.

காரணம் இருக்கிறது. ஓட்டுக்கு உட்புறம் மெல்லிய சவ்வு உண்டு. மெல்ல மெல்லச் சூடேறினால் வெள்ளைக்கரு நிதானமாக இறுகி அந்தச் சவ்வைப் பற்றிக்கொள்ளும். கொதிநீரில் சட்டென்று இறுகுவதால் அந்தப் பிடிப்பு அவ்வளவாக விழாது. முட்டையின் வயதும் முக்கியம். இட்ட புதிதில் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். நாளாக ஆக அது ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். காரத்தன்மை கூடும், சவ்வின் பிடியும் தளரும். ஆகவே வேகவைக்க ஒரு வாரம் ஆன முட்டையை எடுங்கள். புத்தம்புதியதை ஆம்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதோ, தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. முட்டை மூழ்கி, அதற்கு மேலும் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்க வேண்டும். கரண்டியில் வைத்து மெதுவாக இறக்குகிறேன். மேலிருந்து போட்டால் அடியில் மோதி விரிசல் விடும். கிட்டே வந்து பாருங்கள். அகலமான முனையிலிருந்து சின்னஞ்சிறு குமிழிகள் சரம் சரமாகக் கிளம்புகின்றன. அங்கே உள்ளே ஒரு காற்றறை இருக்கிறது. சூட்டில் விரியும் காற்று நுண்துளைகள் வழியே வெளியேறுகிறது. எனக்கு இதைப் பார்க்க எப்போதும் பிடிக்கும்! இப்போது தீயைக் குறைக்கிறேன். முட்டைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இலேசாகக் கொதித்தால் போதும்.

கணக்கு இந்த நொடியிலிருந்து தொடங்குகிறது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்த பெரிய முட்டை என்றால், 6 முதல் 7 நிமிடத்தில் மஞ்சள் கரு ஒழுகும் பதத்தில் இருக்கும். 9 நிமிடத்தில் நடுவில் மட்டும் குழைவாக இருக்கும். எனக்குப் பிடித்த பதம் இது. 12 நிமிடத்தில் முழுக்க வெந்துவிடும். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்கு முழுக்க வெந்ததையே கொடுங்கள். அரைவேக்காட்டில் சால்மோனெல்லா கிருமி பிழைத்திருக்கலாம். மலைப்பகுதியில் இருப்பவர்கள் கூடுதலாகச் சில நிமிடம் விடுங்கள். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி செல்சியஸ் வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைகிறது.

நேரம் ஆனதும் தாமதிக்காமல் ஐஸ் தண்ணீருக்கு மாற்றுங்கள். அடுப்பை அணைத்தாலும் முட்டைக்குள் இருக்கும் சூடு தொடர்ந்து வேகவைத்துக்கொண்டே இருக்கும். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழுவது அதனால்தான். வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் மணமும் ருசியும் குறைந்துவிடும்.

நன்றாக ஆறிவிட்டது. அகலமான முனையைத் தட்டுகிறேன், காற்றறை இருப்பதால் அங்கே விரல் நுழைய இடம் கிடைக்கும். சவ்வையும் சேர்த்துப் பிடித்து, குழாய்த் தண்ணீரில் காட்டியபடி இழுக்கிறேன். பாருங்கள், ஒரு சிராய்ப்பு இல்லை.

உரிக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். பச்சை முட்டையோடு கலந்துபோனால் மேசைமேல் சுற்றிவிடுங்கள். வெந்தது பம்பரமாகச் சுழலும். பச்சை முட்டை உள்ளே குழம்பித் தள்ளாடும்.