முகம் காட்டாதவரின் முகம்

நண்பர்களே, திரையில் இருக்கும் படத்தை ஒரு நிமிடம் பேசாமல் பாருங்கள். யாரோ இளைஞர் அசந்து தூங்குவது போலத்தான் முதலில் தெரியும். அப்புறம்தான் ராணுவச் சீருடை கண்ணில் படும். நெஞ்சின் மேல் சிலுவை. போர்வையாகக் கிடப்பது பச்சை, வெள்ளை, ஆரஞ்சு நிறக் கொடி. ரத்தம் எங்கேயும் இல்லை.

இவர் அயர்லாந்தின் மைக்கேல் காலின்ஸ். வயது 31. 1922 ஆகஸ்டில் டப்ளின் மருத்துவமனை ஒன்றின் பிணவறைத் தேவாலயத்தில் நின்று வரைந்தவர் சர் ஜான் லேவரி.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான போரில் உளவு வேலை முழுவதும் காலின்ஸ் கையில்தான் இருந்தது. தலைமறைவுக்காரர், ஆனால் சூட் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் டப்ளின் தெருக்களில் சைக்கிளில் போவார். தேடிய போலீசிடம் உருப்படியான புகைப்படம் கிடையாது; முகம் பிடிபடாததுதான் அவருக்குக் கவசம்.

அப்படிப்பட்டவர் 1921 இறுதியில், லண்டனில் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் உடன்படிக்கைப் பேச்சு நடந்த நாட்களில், லேவரி முன்னால் போய் உட்கார்ந்தார். லேவரி பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர். இரு தரப்பாரையும் தன் ஓவியக்கூடத்துக்கு அழைத்து வரைந்தார். வந்த காலின்ஸ் கனத்த மேல்கோட்டை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டார். பையில் துப்பாக்கி இருக்கிறது என்று சாதாரணமாகச் சொன்னார். உட்காரும்போதும் கதவைப் பார்த்தபடி உட்காரத்தான் விரும்பினார். இதையெல்லாம் லேவரியே எழுதி வைத்திருக்கிறார்.

டிசம்பர் 6-ல் உடன்படிக்கை கையெழுத்தானது; காலின்ஸும் கையெழுத்துப் போட்டார். முழுக் குடியரசு கிடைக்கவில்லை, வடக்கும் பிரிந்தே நின்றது. கூட இருந்து போராடியவர்களே உடன்படிக்கையை ஏற்றவர்கள், எதிர்த்தவர்கள் என்று இரண்டாகப் பிளந்து சண்டையிட்டார்கள். ஆகஸ்ட் 22 அன்று, பிறந்த கார்க் மாவட்டத்திலேயே, பதுங்கியிருந்தவர்கள் சுட்டதில் காலின்ஸ் விழுந்தார். சுட்டவர்களும் அயர்லாந்துக்காரர்கள்தான். அந்தக் கொடியின் பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவிலுள்ள வெள்ளை, சமாதானத்தின் நிறம். படத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

‘அயர்லாந்தின் மீதான அன்பு’ என்பது படத்தின் பெயர். 1935-ல் மனைவி ஹேசல் இறந்த பிறகு, அவர் நினைவாக லேவரி டப்ளினுக்குக் கொடுத்த ஓவியங்களில் இதுவும் ஒன்று. இன்று ஹியூ லேன் கலைக்கூடத்தில் இருக்கிறது.

லேவரி வரைந்த அன்றைக்கு அந்தப் பிணவறைத் தேவாலயத்தில் உடலைச் சுற்றி நான்கு சிப்பாய்கள் நின்றார்கள். ஒரே நிசப்தம். எப்போதாவது கதவு திறக்கும். யாராவது நுனிக்காலில் வந்து, நெற்றியில் முத்தமிட்டுவிட்டுத் திரும்புவார்கள். கதவருகே அடக்கி வைத்த அழுகை வெடிக்கும். கதவையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள் மூடியே இருந்தன.