பன்னிரண்டு பேர் வந்து அமராத நீதிமன்றம்: நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். அமெரிக்க அரசமைப்பைப் பற்றிப் பேசிய சென்ற பதிவுக்குப் பிறகு வந்த கேள்விகளில், மதுரையைச் சேர்ந்த ஒரு நேயர் கேட்டிருப்பதை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். அவர் எழுதியிருப்பதை வாசிக்கிறேன்: "அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பொதுமக்களில் பன்னிரண்டு பேர் நடுவர்களாக அமரும் ஜூரியின் முன் வழக்காடும் உரிமை உண்டு என்று சொன்னீர்கள். அங்கே வேலை விசாவில் இருக்கும் என் அக்காள் மகன்மீது, கடையில் பணம் செலுத்தாமல் பொருளை எடுத்து வந்ததாக ஒரு வழக்கு இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். விசாரணையே இல்லாமல் ஒரு வழக்கு எப்படி முடியும்? அவன் ஒப்புக்கொள்வது நல்லதா?"

ஐயா, ஒப்புக்கொள்ளலாமா கூடாதா என்பதை அந்த மாநிலத்தில் வழக்காடும் ஒரு வழக்கறிஞர்தான் ஆவணங்களைப் பார்த்துச் சொல்ல முடியும். ஆனால் விசாரணை இல்லாமல் வழக்கு எப்படி முடிகிறது என்பதற்கு நான் பதில் சொல்கிறேன். அது விளங்கிவிட்டால், வழக்கறிஞரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் உங்களுக்கே விளங்கும்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குற்றவியல் சட்டம் என்று ஒரே சட்டம் கிடையாது. நம் நாட்டில் கன்னியாகுமரியில் நடந்த திருட்டுக்கும் கான்பூரில் நடந்த திருட்டுக்கும் ஒரே சட்டப்பிரிவுதான். அங்கே ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனித் தண்டனைச் சட்டம், தனித்தனி நீதிமன்றம், தனித்தனிச் சிறை, இவை போதாதென்று மேலே மத்திய அரசுக்கென்று ஒரு முழு அமைப்பு. கடையில் பொருள் எடுத்தது போன்ற வழக்குகள் ஏறத்தாழ எல்லாமே மாநிலத்தின் வழக்குகள். கலிபோர்னியாவிலோ நியூயார்க்கிலோ என்றால் வழக்கின் தலைப்பிலேயே 'மக்கள் எதிர் இன்னார்' என்று இருக்கும். பென்சில்வேனியாவில் 'காமன்வெல்த் எதிர் இன்னார்' என்று இருக்கும்; காமன்வெல்த் என்பது அந்த மாநிலம் தன்னை அழைத்துக்கொள்ளும் பெயர். ஆகவே, "அமெரிக்காவில் இப்படித்தான்" என்று நண்பர்கள் எதைச் சொன்னாலும், எந்த மாநிலத்தில் என்று திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

ஜூரி உரிமை 1791-இல் ஏற்கப்பட்ட ஆறாவது அரசமைப்புத் திருத்தத்திலிருந்து வருவது. அது காகித உரிமை அன்று. குற்றவாளி என்று சொல்ல ஜூரியினர் அத்தனை பேரும் ஒருமனதாக இணங்க வேண்டும் என்பது எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2020-இல்கூட உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆனால் பன்னிரண்டு என்ற எண் எல்லா இடங்களுக்கும் பொருந்தாது. புளோரிடாவில் மரண தண்டனைக்குரியவை அல்லாத வழக்குகளில் ஆறு பேரே அமர்கிறார்கள், அதை உச்ச நீதிமன்றம் 1970-இல் ஏற்றுக்கொண்டது. மேலும், ஆறு மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்க முடியாத சிறு குற்றங்களுக்கு, அரசமைப்பின்படி பொதுவாக ஜூரி உரிமை இல்லை. சில மாநிலங்கள் தம் சட்டத்தின் வழியே அத்தகைய வழக்குகளுக்கும் ஜூரியைத் தருகின்றன. உங்கள் அக்காள் மகனின் வழக்கு இதில் எந்தப் பக்கம் விழுகிறது என்பது, எடுத்ததாகச் சொல்லப்படும் பொருளின் மதிப்பையும் மாநிலத்தையும் பொறுத்தது.

சரி, உரிமை இருக்கும் இடங்களிலாவது ஜூரி அமர்கிறதா என்றால், அரிதாகத்தான். உச்ச நீதிமன்றமே 2012-இல் தந்த தீர்ப்புகளில் எடுத்துக்காட்டிய கணக்கின்படி, மத்திய நீதிமன்றங்களில் கிடைக்கும் குற்றத்தீர்ப்புகளில் 97 விழுக்காடும் மாநில நீதிமன்றங்களில் 94 விழுக்காடும் குற்றம் சாட்டப்பட்டவரே "நான் குற்றவாளி" என்று ஒப்புக்கொண்டதால் வந்தவை. இது குற்றத்தீர்ப்புகளின் கணக்கு, வழக்குகளின் கணக்கு அன்று. தள்ளுபடியாகும் வழக்குகள் தனி. இன்றைய குற்றவியல் நீதி பெரும்பாலும் ஒப்புதல்களின் அமைப்பேயன்றி விசாரணைகளின் அமைப்பன்று என்று நீதிபதி ஆண்டனி கென்னடி அதே ஆண்டின் ஒரு தீர்ப்பில் வெளிப்படையாகவே எழுதினார். திரைப்படத்தில் நாம் பார்க்கும் சாட்சிக்கூண்டும் குறுக்கு விசாரணையும் அந்த மீதிச் சில விழுக்காட்டின் கதை.

இந்த ஒப்புதல்கள் மனம் திருந்தியதால் மட்டும் வருபவை அல்ல; பெரும்பாலும் பேரத்தில் வருபவை. பேரம் பேசுபவர் அரசு வழக்கறிஞர், அதாவது டிஸ்டிரிக்ட் அட்டர்னியும் அவருடைய அலுவலகத்தாரும். பெரும்பாலான மாநிலங்களில் இவர் மக்களிடம் வாக்குக் கேட்டுத் தேர்தலில் வென்று வருபவர் என்பது நம்மவர்களுக்கு வியப்பாக இருக்கும். எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது, எத்தனை குற்றச்சாட்டுகளை அடுக்குவது, எதைக் கைவிடுவது என்ற முடிவுகள் ஏறத்தாழ முழுவதும் இவர் கையில் இருக்கின்றன. தண்டனையின் அளவைச் சட்டமே இறுக்கமாக வரையறுத்துவிட்ட இடங்களில், எந்தப் பிரிவு என்று முடிவு செய்பவரே எத்தனை ஆண்டு என்பதையும் முடிவு செய்துவிடுகிறார். என் பார்வையில் அமெரிக்கக் குற்றவியல் நீதிமன்றத்தில் அதிகாரம் மிகுந்த நாற்காலி நீதிபதியுடையது அன்று, இவருடையதுதான்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. கென்டக்கி மாநிலத்தில் ஹேய்ஸ் என்பவர்மீது, 88 டாலர் 30 சென்ட்டுக்கு ஒரு போலிக் காசோலையைச் செலாவணி செய்ததாக வழக்கு. அந்தப் பிரிவுக்குத் தண்டனை இரண்டு முதல் பத்து ஆண்டு வரை. ஒப்புக்கொண்டால் ஐந்து ஆண்டு பரிந்துரைக்கிறேன், மறுத்தால் உம்முடைய பழைய குற்றங்களையும் சேர்த்து மீண்டும் மீண்டும் குற்றம் செய்பவர்களுக்கான சட்டத்தின்கீழ் புதிதாகக் குற்றம் சாட்டுவேன், அதற்கு ஆயுள் தண்டனை என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். ஹேய்ஸ் மறுத்தார், அரசு வழக்கறிஞர் சொன்னபடியே செய்தார், ஆயுள் தண்டனை விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1978-இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், இது பேரத்தின் இயல்பான கொடுக்கல் வாங்கல்தான், அரசமைப்புக்கு முரணன்று என்று முடிந்தது. ஐந்து ஆண்டுக்கும் ஆயுளுக்கும் இடையிலுள்ள அந்தத் தூரம், ஹேய்ஸ் விசாரணை கேட்டதற்காகக் கொடுத்த விலை. அந்த விலையை மனத்தில் கணக்கிட்டுப் பார்ப்பவர்கள், தாம் குற்றமற்றவர் என்று நம்புபவர்கள் உட்பட, பலர் கையொப்பமிட்டுவிடுகிறார்கள். "நான் செய்யவில்லை, ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்வதைக்கூட, ஆதாரம் வலுவாக இருந்தால் நீதிமன்றம் ஏற்கலாம் என்று 1970-இல் வட கரோலினாவிலிருந்து வந்த ஆல்ஃபோர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கேட்பதற்கு விநோதமாக இருந்தாலும் இன்றும் பல மாநிலங்களில் நடைமுறையில் இருக்கிறது.

ஜாமீன் இன்னொரு நெருக்கடி. பல மாநிலங்களில் நீதிபதி ஒரு தொகையைக் குறிப்பார். அதைக் கட்டினால் வெளியே, இல்லையென்றால் கவுன்ட்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவின், ஜெயிலுக்குள். பத்தாயிரம் டாலர் கையில் இல்லாதவர், தமக்காக முழுத் தொகைக்கும் பொறுப்பேற்கும் ஜாமீன் தரகு நிறுவனத்திடம் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆயிரம் டாலர், கட்டணமாகக் கொடுப்பார். நிரபராதி என்று தீர்ந்தாலும் அந்த ஆயிரம் திரும்பி வராது. அதுவும் இயலாதவர் உள்ளே இருக்க வேண்டியதுதான். வேலை போய்விடும், வீட்டு வாடகை நிற்கும் என்ற நிலையில், இன்றே ஒப்புக்கொண்டால் இதுவரை உள்ளே கழித்த நாள்களையே தண்டனையாகக் கொண்டு இன்றே வீட்டுக்குப் போகலாம் என்று ஒருவர் வந்து சொன்னால், எத்தனை பேர் விசாரணைக்காகக் காத்திருப்பார்கள்? இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் பண ஜாமீனையே ஒழித்தது. வேறு பல மாநிலங்களில் அது தொடர்கிறது.

இந்த இடத்தில்தான் வழக்கறிஞர் இன்றியமையாதவர் ஆகிறார். புளோரிடாவில் பனாமா சிட்டி என்ற ஊரில், 1961-இல், ஒரு பில்லியர்ட்ஸ் கடையை உடைத்துத் திருடியதாகக் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஏழை மனிதர் கைதானார். தமக்கு ஒரு வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்கானால் மட்டுமே அப்படித் தர முடியும் என்று நீதிபதி மறுத்துவிட்டார். கிடியன் தாமே எழுந்து நின்று சாட்சிகளைக் கேள்வி கேட்டார், தாமே வாதாடினார், ஐந்து ஆண்டுச் சிறை பெற்றார். சிறைக்குள் இருந்துகொண்டு, கோடிட்ட சிறைத் தாளில், பென்சிலால், எழுத்துப்பிழைகளோடு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு எழுதினார். அந்த மனுவின்மேல்தான் 1963 மார்ச்சில், கடுங்குற்ற வழக்கில் வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவருக்கு அரசே அமர்த்தித் தர வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே ஊரில் மறுவிசாரணை நடந்தது. இம்முறை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் அவருக்காக நின்று, முக்கியச் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் மடக்கினார். ஜூரி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டது. அதே குற்றச்சாட்டு, அதே மனிதர். வந்து சேர்ந்தது ஒரு வழக்கறிஞர் மட்டும்.

இன்று அப்படி அரசு தரும் வழக்கறிஞரைப் பப்ளிக் டிஃபெண்டர் என்கிறார்கள். திறமையானவர்கள் பலர் உண்டு, ஆனால் பல இடங்களில் ஒருவர் தலையில் சுமக்க முடியாத அளவு வழக்குகள். அபராதத்தோடு மட்டும் முடியும் சிறு வழக்கில் அரசு ஒரு வழக்கறிஞரைத் தர வேண்டும் என்று அரசமைப்பு கட்டாயப்படுத்தவும் இல்லை. "அபராதம்தானே" என்று தனியாகப் போய் நிற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மிராண்டா எச்சரிக்கையைப் பற்றியும் பலர் கேட்கிறீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "அமைதியாக இருக்க உமக்கு உரிமை உண்டு" என்று காவலர் சொல்லாவிட்டால் வழக்கே விழுந்துவிடும் என்பது சினிமா தந்த நம்பிக்கை. காவலில் வைத்து விசாரிக்கும்போது அதைச் சொல்லாமல் வாங்கிய வாக்குமூலத்தை அரசுத் தரப்பு தன் சான்றாக முன்வைக்க முடியாது, அவ்வளவே. வேறு ஆதாரம் இருந்தால் வழக்கு நடக்கும். 1966-இல் இந்த விதியை வகுத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்ற அரிசோனாவின் எர்னஸ்டோ மிராண்டாவே, மறுவிசாரணையில் அந்த வாக்குமூலம் இல்லாமலே மீண்டும் தண்டிக்கப்பட்டார்.

இனி, "ஒரே நாளில் முடிவது" எப்படி இருக்கும் என்று பாருங்கள். பெயர் அழைக்கப்படும், எழுந்து நிற்க வேண்டும். நீதிபதி வேகமாக, ஆனால் ஒவ்வொன்றாகக் கேட்பார். இன்று ஏதேனும் மருந்தோ மதுவோ உட்கொண்டிருக்கிறீரா? ஒப்புக்கொண்டால் விசாரணை பெறும் உரிமையையும், சாட்சிகளை எதிர்கொள்ளும் உரிமையையும், உமக்கு எதிராக நீரே பேசாதிருக்கும் உரிமையையும் விட்டுக்கொடுக்கிறீர் என்பது புரிகிறதா? எவரேனும் மிரட்டினார்களா? ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைத் தவிர வேறு வாக்குறுதி எவரேனும் தந்தார்களா? நீர் இந்நாட்டுக் குடிமகன் இல்லையென்றால் இது உம் குடியேற்ற நிலையைப் பாதிக்கலாம் என்பது தெரியுமா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றும் பதிவாகும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்து அடுத்த பெயர் அழைக்கப்படும். தாமாக, அறிந்து ஒப்புக்கொண்டார் என்பதற்கு இந்தப் பதிவுதான் பிற்காலத்தில் சான்று. "எனக்குப் புரியவில்லை" என்று பிறகு சொல்லித் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

நீதிபதியின் கேள்விகளில் நான் கடைசியாகச் சொன்ன, குடியேற்ற நிலை பற்றிய அந்தக் கேள்விதான் உங்கள் அக்காள் மகனுக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டப்படி அமெரிக்காவில் வாழ்ந்து, வியட்நாம் போரில் பணியாற்றிய பாடில்யா என்ற லாரி ஓட்டுநர், இவ்வளவு காலம் இருந்துவிட்டதால் கவலை வேண்டாம் என்று தம் வழக்கறிஞர் சொன்னதை நம்பி, கஞ்சா கடத்திய வழக்கில் ஒப்புக்கொண்டார்; நாடு கடத்தப்படும் நிலை வந்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம், குடியுரிமை இல்லாத கட்சிக்காரரிடம் இந்த விளைவைச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று தீர்ப்பளித்தது. மாநில நீதிமன்றத்துக்குச் சிறு வழக்காகத் தெரியும் கடைத் திருட்டு, குடியேற்றச் சட்டத்தில் பெரும்பாலும் ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றமாகக் கருதப்படுகிறது. விசா புதுப்பிக்கும்போதும், கிரீன் கார்டு கேட்கும்போதும், விமான நிலையத்தில் மீண்டும் நுழையும்போதும் அது எழுந்து வரும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில மாநிலங்களில், ஒப்புக்கொண்டு ஓராண்டு ஒழுங்காக நடந்தால் தீர்ப்பே எழுதாமல் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். மாநிலக் கணக்கில் அவர் தண்டனை பெற்றவர் அல்லர். ஆனால் மத்திய அரசின் குடியேற்றச் சட்டத்தில், ஒப்புதலும் அதையொட்டி ஏதேனும் ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ இருந்தாலே அது குற்றத்தீர்ப்பாகிவிடும். பிறகு வழக்கு தள்ளுபடியானாலும் பயனில்லை. அதே வேளையில், எதையும் ஒப்புக்கொள்ளாமலே வகுப்புக்குப் போவது, சமூகப்பணி செய்வது ஆகியவற்றை முடித்தால் வழக்கைக் கைவிடும் டைவர்ஷன் திட்டங்களும் பல இடங்களில், குறிப்பாக முதல் முறை வழக்கில் சிக்கியவர்களுக்கு, இருக்கின்றன. ஆகவே வழக்குத் தேதிக்கு முன்பே, குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடமும் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடமும் அவர் கேட்க வேண்டிய கேள்வி, "ஒப்புதல் தராமல் முடிக்கும் டைவர்ஷன் இந்தக் கவுன்ட்டியில் எனக்குக் கிடைக்குமா, அதற்காக நான் எதிலாவது கையொப்பமிட வேண்டுமா, அந்தக் காகிதத்தில் குற்றத்தை ஏற்றுக்கொள்ளும் வாசகம் இருக்கிறதா?" என்பதுதான். அந்தப் பதில் கிடைக்கும்வரை, கட்ட வேண்டிய அபராதத் தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், நண்பர்களின் பேச்சைக் கேட்டு நீதிமன்றத்தில் எழுந்து நின்று "ஆம்" என்று சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.