மலை ஊரில் இருந்துகொண்டு ஏ.ஏ. மீட்டிங் போவது

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு கேமரா டீத் தோட்டத்துப் பக்கம்தான் திரும்பியிருக்கும். பேசப்போவது குடியை விட ஏ.ஏ. மீட்டிங்குக்குப் போகிற என் அண்ணனைப் பற்றி. ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைக்கிறவர்கள் கூடி உட்கார்ந்து பேசுகிற குழு. அவர் சரி என்று சொன்ன பிறகுதான் பேசுகிறேன். அவர் பெயரையோ, எந்த ஊர் மீட்டிங்குக்குப் போகிறார் என்பதையோ சொல்ல மாட்டேன். அங்கே யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பது வெளியே போகக்கூடாது. அந்த நம்பிக்கையில்தான் ஒருத்தர் வாய் திறக்கிறார்.

நம் மலையில் இதுதான் பெரிய தடை. டாஸ்மாக் வாசலில் நின்றால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. மீட்டிங் நடக்கிற வாசலில் நின்றால் "என்னப்பா, இங்கே என்ன வேலை?" என்று நாலு பேர் கேட்பார்கள். பஸ் கண்டக்டர் தெரிந்தவர், எஸ்டேட் மேஸ்திரி தெரிந்தவர், கடைக்காரர் சொந்தக்காரர். உங்களுக்கும் அந்தத் தயக்கம் இருந்தால் பக்கத்து ஊர் மீட்டிங்குக்குப் போங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். எந்தக் குழுவுக்கு வேண்டுமானாலும் போகலாம். முகவரி கேட்க மாட்டார்கள், கட்டணமும் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். நடுவில் ஒரு பெட்டி சுற்றி வரும், அதில் பணம் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எங்கே நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். அதில் இருக்கிற எண்ணுக்குப் பேசிவிட்டுக் கிளம்புங்கள், ஏனென்றால் சின்ன ஊர்களில் நாளும் நேரமும் மாறிவிடும். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். போதை மறுவாழ்வுக்கென்றே 14446 என்ற இலவச எண் இருக்கிறது. மனசு ரொம்பக் கனத்துப்போன ராத்திரியில் 14416-க்குப் பேசலாம், அது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண்.

சில மீட்டிங் சர்ச் ஹாலில் நடக்கும். "நாம் அந்த மதம் இல்லையே" என்று அண்ணியும் தயங்கினார்கள். இடம்தான் சர்ச்சுடையது. ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை. 1935-இல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீள நினைத்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் துணையாக உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது. இன்றைக்கும் நடப்பது அதே பேச்சுதான்.

நான் போனது ஓப்பன் மீட்டிங், அதில் குடும்பத்தாரும் உட்காரலாம். குளோஸ்டு மீட்டிங் என்றால் குடியை நிறுத்த நினைக்கிற குடிநோயாளிகளுக்கு மட்டும். அண்ணன் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார், வேண்டாம் என்று தோன்றினால் எழுந்து போக வசதியாக. எதிரே வயசான ஒருத்தர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கொஞ்சம் நடுக்கம் இருந்தது. தன் முறை வந்ததும் கிளாஸைக் கீழே வைத்தார், பெயரைச் சொன்னார், "நான் ஒரு குடிநோயாளி" என்றார். சம்பள நாளில் வீட்டுக்கு வராமல் போனதைச் சொன்னார். யாரும் புத்தி சொல்லவில்லை, குறுக்கே பேசவுமில்லை. அடுத்தவர் தன் கதையைத் தொடங்கினார். எங்கள் வீட்டில் அண்ணனைச் சுற்றி உட்கார்ந்து எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறோம். அவர் தலையைத் தூக்கிக் கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவுமில்லை.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். தினமும் நிறையக் குடிக்கிறவர் ஒரே நாளில் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும், அப்புறம் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆள் குழம்பிப் போவார். உயிரே போகலாம். மீட்டிங்கில் மருந்து கிடையாது. முதலில் டாக்டரைப் பாருங்கள், இரண்டும் சேர்ந்து நடக்கட்டும்.

"இந்தக் குளிருக்கு ஒரு கட்டிங் போட்டால்தான் வேலை ஓடும்" என்று தோட்டத்தில் சொல்வதை நிறுத்துவோம். குடித்தால் தோலுக்கு அடியில் ரத்தக்குழாய் விரிகிறது, அதனால் சூடு ஏறுவதுபோல் இருக்கும். உண்மையில் உடம்புச் சூடு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், சூடாக டீ குடியுங்கள்.

பெரிய நகரத்தில் தினமும் ஒரு மீட்டிங் கிடைக்கும். இங்கே வாரத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது. மற்ற நாட்களை ஓட்ட, அங்கே பழகின ஒருத்தர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணன் சாயங்காலம் ஆனதும் தன் ஸ்பான்சருக்குப் போன் போடுவார், தனக்கு முன்னால் மீண்டு வந்தவர் அவர். டவர் கிடைக்கிற இடத்தில் இருந்தால் ஆன்லைன் மீட்டிங்கும் இருக்கிறது.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் குழு இருக்கிறது. அண்ணி அதில்தான் சேர்ந்திருக்கிறார்கள். குடிக்கிறவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

அப்புறம் பஸ் விஷயம். மீட்டிங் முடிய இருட்டிவிடும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் முதல் தடவை வண்டியில் கூட்டிப்போங்கள். குளோஸ்டு மீட்டிங் என்றால் நீங்கள் வெளியே காத்திருங்கள். திரும்பி வரும்போது "என்ன பேசினார்கள்?" என்று கேட்காதீர்கள், அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.