பதினாறு பேர் படிக்கும் பத்தாம் வகுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று எங்கள் பக்கத்து டீக்கடையில் முதலில் எழும் கேள்வி, "நம்ம பள்ளிக்கூடம் எத்தனை பர்சன்ட்?" என்பதுதான். ஒரு சின்ன அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் இருந்தவன் நான். அந்த ஒற்றை எண்ணைச் சொல்ல எனக்கு ஒருநாளும் மனசு ஒப்பியதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பில் 16 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பள்ளிகளில் இது சாதாரணம். ஒருவர் தவறினால் தேர்ச்சி 93.75 விழுக்காடு. இருவர் தவறினால் 87.5. இப்போது 2025ஆம் ஆண்டு ரிசல்ட்டைப் பாருங்கள்: மாநிலத் தேர்ச்சி 93.80, அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 91.26. அதாவது ஒரு பிள்ளை தவறினால் அந்தப் பள்ளி மாநிலத்தோடு தோளுக்குத் தோள் நிற்கிறது. இன்னொரு பிள்ளைக்குக் கணக்கில் 35 வராமல் போனால் பின்தங்கிய பள்ளி என்று பெயராகிவிடுகிறது. 200 பேர் எழுதும் பள்ளியில் அதே இரண்டு பேர் தவறினால் 99 விழுக்காடு. யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

இந்தச் சுமை கடைசியில் எங்கே போய் இறங்குகிறது தெரியுமா? அந்த இரண்டு பிள்ளைகளின் தலையில்தான். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. ஒன்பதாவதில் வருகிறது வினை. "இவன் ரிசல்ட்டைக் கெடுத்துடுவான்" என்று ஒரு பேச்சு ஆசிரியர் அறையில் கிளம்பும். அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கிட்டு ஏதாவது தொழில் கத்துக்கட்டும்" என்பார்கள். எல்லாப் பள்ளியிலும் இப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பேச்சை நான் காதால் கேட்டிருக்கிறேன். ஒருமுறை நானும் எதிர்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் தேர்ச்சி விழுக்காட்டோடு இன்னொரு கணக்கையும் கேளுங்கள் என்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன் ஆறாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்? 24 பேர் சேர்ந்து 16 பேர் எழுதி 16 பேரும் தேறியிருந்தால், நூற்றுக்கு நூறு என்று பிளெக்ஸ் வைப்பதற்கு முன்னால் மற்ற எட்டுப் பேர் எங்கே என்று பார்க்க வேண்டாமா? வேறு பள்ளிக்குப் போனவர்கள் இருப்பார்கள், சரி. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு போனவர்களும் அதில் இருப்பார்கள்.

யார் பிள்ளைகள் இந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள் என்பதும் இங்கே முக்கியம். ஊரில் கொஞ்சம் வசதி வந்தால் வாசலுக்கு ஆங்கில வழிப் பள்ளியின் வேன் வந்துவிடுகிறது. ஒரே வீட்டில் பையன் வேனில் போவான், பெண் நடந்து நம் பள்ளிக்கு வருவாள். இதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். மிச்சம் இருப்பவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது எழுதுகிறவர்கள். திருப்பூர்ப் பக்கமானால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். வீட்டில் ஒரு மொழி, பாடப்புத்தகத்தில் தமிழ் என்று இரண்டையும் சமாளிக்கிற பிள்ளை 50 மார்க் வாங்கினால், அந்த 50க்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது வகுப்பறையில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

வேனில் ஏறாத பெண் பிள்ளைகள்தான் நன்றாகவும் படிக்கிறார்கள். மாநில அளவிலும் அப்படித்தான். 2025இல் மாணவியர் தேர்ச்சி 95.88, மாணவர் தேர்ச்சி 91.74. பையன்களுக்குப் புத்தி குறைவு என்று நான் நம்பவில்லை. முகூர்த்த நாளில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் காரணம் தெரியும். பந்தல் வேலைக்கும் கேட்டரிங்குக்கும் போனவர்கள் பெயருக்கு நேராக வரிசையாக ஆப்சென்ட் விழுந்திருக்கும். கையில் நாலு காசு புழங்க ஆரம்பித்துவிட்டால் அவனைத் திரும்ப வகுப்பில் உட்கார வைப்பது லேசில் முடியாது.

ஆசிரியர் நிலையையும் சொல்லிவிடுகிறேன். சின்னப் பள்ளியில் பாடத்துக்கு ஒருவர்தான். கணக்கு ஆசிரியர் மாறுதலில் போய் ஜூன் முதல் அக்டோபர் வரை அந்த இடம் காலியாக இருந்தால், ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புக்கும் கணக்கு கிடையாது. மார்ச்சில் மார்க் குறைந்தால் அந்தப் பிள்ளைகளை எப்படிக் குற்றம் சொல்வது?

பெற்றோருக்கு ஒரு தகவல். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பிலும், 2021 முதல் பொறியியல் போன்ற படிப்புகளிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கடன் வாங்கி எட்டாவதில் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்ற நினைக்கிறவர்கள் இதையும் யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரிசல்ட் அன்றைக்குத் தேறியவர்கள் வீட்டுக்கு எல்லாரும் போவார்கள். உங்கள் தெருவில் தவறிய பிள்ளை இருந்தால், நீங்கள் அந்த வீட்டுக்குப் போங்கள். துணைத் தேர்வு ஜூலையிலேயே வந்துவிடும். தேறினால் அந்த வருஷமே பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிடலாம். ஆனால் விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு. துக்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நாட்களைத் தவறவிட்ட குடும்பங்கள் உண்டு. பிள்ளையைக் கையோடு அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வாருங்கள்; விண்ணப்பத்தை அங்கேயே போட்டுவிடலாம்.

நன்றி. வணக்கம்.